கள்ளச்சாராயப் பாட்டுகளும் அவை கிளறும் வீட்டு நினைவுகளும்: அப்பலாச்சிய மலைநாடு (அனுபவப் பகிர்வு)

அமெரிக்காவின் கிழக்கே உள்ள இந்த மலைநாட்டுப் பெரியவர்களிடம் கள்ளச்சாராய நினைவுகளை எந்தப் பாட்டைக் கொண்டு, எப்படிக் கேட்பது என்று சிலர் பேசிக்கொண்டது இது; ஒவ்வொரு பகுதியின் தலைப்பும் பேசுகிறவரின் புனைபெயர்.

பழைய இசைத்தட்டு

'காப்பர் கெட்டில்' பாட்டை வைத்தே ஆரம்பிக்கலாம். மலைநாட்டுக் கள்ளச்சாராயம் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். ஜோன் பேயஸ் 1962-லும் பாப் டிலன் 1970-லும் வெளியிட்ட பிறகு உலகம் முழுக்கப் போய்விட்டது. இருநூறு வருஷத்து நாட்டுப்பாட்டு என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். உண்மையில் ஆல்பர்ட் ஃபிராங்க் பெடோ பெயரில் 1953-இல் பதிவான பாட்டு.

1792-இலிருந்து நாங்கள் விஸ்கி வரி கட்டியதே இல்லை என்று அதில் ஒரு மார்தட்டல் வரும். மலைக்குடும்பங்களில் இதைப் பெருமையோடு சேர்ந்து பாடுவார்கள். ஆனால் சட்ட வரலாற்றோடு வைத்துப் பாருங்கள். கலால் சட்டம் வந்தது 1791 மார்ச்சில். 1794-இல் மேற்கு பென்சில்வேனியாவில் கலகம், அதை அடக்க அதிபர் வாஷிங்டன் ஏறக்குறைய 13,000 பேரைத் திரட்டினார். 1802-இல் ஜெஃபர்சன் ஆட்சியில் அந்த வரியே ரத்து. 1812 போர்ச் செலவுக்காக நடுவில் சில வருஷம் திரும்பி வந்ததை விட்டால், 1862 வரை கட்டுவதற்கு வரியே கிடையாது! உள்நாட்டுப் போர் நேரத்தில்தான் கேலனுக்கு 20 சென்ட் போட்டார்கள். 1865-இல் அது 2 டாலர் ஆகிவிட்டது. ஒளிந்து காய்ச்சுவது குடும்பத் தொழிலாக வேரூன்றியது அதற்குப் பிறகுதான். ஆகவே பெரியவர்கள் "எங்கள் வீட்டில் 1792-இலிருந்தே" என்று ஆரம்பித்தால், அது பாட்டிலிருந்து வந்த நினைவு என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்த ஓடை, யாருடைய நிலம், யார் விறகு வெட்டியது என்று வருவதுதான் வீட்டு நினைவு.

செப்புக்கம்மியர்

பழைய இசைத்தட்டு ஐயா சொன்ன வரிக்கணக்கு சரி. ஆனால் அதே பாட்டில் விறகைப் பற்றி வருவது துல்லியமான தொழில் அறிவு. ஹிக்கரி, ஆஷ், ஓக் மூன்றையும் சொல்லி, பச்சை விறகும் உளுத்த விறகும் வேண்டாம், புகை காட்டிக்கொடுக்கும் என்கிறது. மூன்றும் கெட்டி மரங்கள். நன்றாகக் காய்ந்தால் தணல் நின்று எரியும், புகை குறைவு. பச்சை விறகில் இருக்கும் ஈரம் வெந்து முடிகிற வரை வெள்ளைப்புகை பள்ளத்தாக்கை விட்டு எழும். ஈரம் அடுப்புச் சூட்டையும் தின்றுவிடும் என்பதால் கொதி ஏறி இறங்கும். கொதி நிலையாக இல்லாவிட்டால் வடிவதும் தாறுமாறாகப் போகும்.

அந்தப் பாட்டில் பானையும் சுருளும் மட்டும்தான் வருகின்றன. இடையில் இருப்பவற்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரியவர்களின் பேச்சு அவற்றில்தான் சூடு பிடிக்கும். செப்புப்பானை, அதன்மேல் மூடித்தொப்பி, அதிலிருந்து போகும் குழாய், நடுவில் ஒரு மரப்பீப்பாய், பிறகு குளிர்ந்த ஓடைத்தண்ணீர் ஓடும் தொட்டிக்குள் செப்புச்சுருள். நடுப்பீப்பாய்க்குள் ஆவி புகும்போது 'தம் தம்' என்று இடிக்கும். அந்தப் பீப்பாய் இல்லாத பழைய முறையில், முதல் வடிப்பு முழுவதையும் சேர்த்து வைத்து இரண்டாம் முறை காய்ச்ச வேண்டும். இரட்டை வேலை. பீப்பாய் வந்தபின் ஒரே ஓட்டத்தில் முடிந்தது. தாத்தா இரண்டு தடவை காய்ச்சினாரா, பீப்பாய் வைத்திருந்தாரா என்று கேட்டால் தொழில் எந்தத் தலைமுறை முறையில் நடந்தது என்பது பிடிபடும்.

மூட்டுகளை அடைக்க ரை என்ற தானியத்தின் மாவைத் தண்ணீரில் பிசைந்து அப்புவார்கள். காய்ந்தால் இறுகும், ஆனால் ஈயப்பற்று போல் இறுகாது. குழாயில் ஊறல் சக்கை அடைத்து உள்ளே அழுத்தம் ஏறினால் முதலில் பிய்த்துக்கொண்டு போவது அந்த மாவு. பானை தப்பிக்கும், பக்கத்தில் இருப்பவரும் தப்பிப்பார். 'மாவு அப்பினோம்' என்று மட்டும் சொல்லிக் கடந்துபோவார்கள். எதற்கு என்று கேட்டால்தான் வெடித்த பானைகளின் கதை வெளியே வரும்.

மூடியைப் போடுவதற்கு முன் ஊறலைக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். சிறு பிள்ளைகளிடம் விட்ட வேலை பெரும்பாலும் இதுவும் விறகு சுமப்பதும்தான். சோள மாவு அடியில் படிந்து கருகினால் அந்தத் தீய்ந்த வாடை கடைசிச் சொட்டு வரை போகாது. சுருள் தொட்டித் தண்ணீர் சூடாகிவிட்டால் வேறு ஆபத்து: ஆவி திரவமாகாமல் வாயிலேயே வெளியேறும், பக்கத்தில் எரிகிற அடுப்பு. ஓடை ஓரமாகவே இடம் தேடியதற்குக் காரணம் இதுதான்.

ஐந்துகம்பி

எனக்குப் பிடித்தது 'மவுண்டன் டியூ'. பாஸ்கம் லாமர் லன்ஸ்ஃபோர்ட் வட கரோலினாக்காரர், வக்கீல், பாஞ்சோ என்ற கம்பி வாத்தியமும் வாசிப்பார். 1928-இல் அவர் பதிவு செய்தது நீதிமன்றத்தில் நடக்கும் கதைப்பாட்டு: கள்ளச்சாராய வழக்கு, விசாரணை. இன்று எல்லோரும் பாடுவது ஸ்காட்டி வைஸ்மன் 1930-களில் திருத்தி எழுதியது. லன்ஸ்ஃபோர்ட் ஊர் திரும்பப் பயணச்சீட்டு எடுக்க 25 டாலருக்கு உரிமையை விற்றுவிட்டார் என்றும், பாட்டு ஓடத் தொடங்கிய பின் வைஸ்மன் வருமானத்தில் பாதியை அவருக்கே போகும்படி செய்தார் என்றும் சொல்வார்கள்.

வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து பாட இதைவிட நல்ல பாட்டு கிடைக்காது. மூன்றே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு): ஜி, சி, டி. பாஞ்சோவில் சாதாரண ஜி சுருதி போதும். ஒரு விஷயம், வேகமாக வாசிக்காதீர்கள். மேடைக்காரர்கள் ஓட்டுகிற வேகத்தில் வாசித்தால் வயதானவர்கள் கைதட்டுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். நடைவேகத்தில் வாசித்து, ஒவ்வொரு சரணம் முடிந்ததும் நாலு சுற்று வெறும் தாளம் விட்டால், அந்த இடைவெளியில் பேச்சு நுழையும்.

'ஒயிட் லைட்னிங்' நேரெதிர். ஜார்ஜ் ஜோன்ஸ் பாடி 1959 ஏப்ரலில் கன்ட்ரி இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அவருக்கு அது முதல் முதலிடம். எழுதிய ஜே. பி. ரிச்சர்ட்சன், பாடகர் பட்டி ஹாலியோடு விமான விபத்தில் இறந்தது அதே வருஷம் பிப்ரவரி 3. பாட்டு வெளிவந்ததையே அவர் பார்க்கவில்லை. வட கரோலினா மலையில் அப்பனும் மகனும் சேர்ந்து காய்ச்சுகிற கதை. குடும்ப நினைவுக்குப் பொருத்தம்தான், ஆனால் அந்த வேகத்தில் யாரும் நிறுத்தி யோசிக்க மாட்டார்கள். சிரிப்பு வரும், நினைவு வராது.

எட்டு சிலிண்டர்

காய்ச்சியவர்களை மட்டுமே பேசுகிறீர்கள், சரக்கை வண்டியில் ஓட்டியவர்களை விட்டுவிட்டீர்களே! 'பாலட் ஆஃப் தண்டர் ரோடு', நடிகர் ராபர்ட் மிச்சம் பாடியது, 1958. அப்பா காய்ச்ச மகன் ஓட்டுகிறான் என்பதுதான் பாட்டின் அடிப்படை. அதே வருஷம் வந்த 'தண்டர் ரோடு' படத்தில் மிச்சமின் தம்பியாக நடித்தது அவருடைய சொந்த மகன் ஜேம்ஸ். பாட்டின் வழித்தடத்தை வரைபடத்தில் வைத்துப் பார்க்கலாம்: கென்டக்கியின் ஹார்லன், கம்பர்லண்டு கணவாய், டென்னசியின் மேனர்ட்வில், நாக்ஸ்வில், கிங்ஸ்டன் பைக், பியர்டனுக்கு வெளியே விபத்து. ஊர் வரிசை சரியாக இருப்பதால் அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் 'எங்கள் சித்தப்பா இன்ன திருப்பத்தில்' என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

வண்டி விவரம் கேட்கும்போது வேகத்தைக் கேட்காதீர்கள், எல்லோரும் மிகைப்படுத்துவார்கள். வண்டியின் பாரம் தாங்கும் வில்பட்டையைக் கேளுங்கள். 100 புரூஃப் (பாதி ஆல்கஹால்) சரக்கு 100 கேலன் என்றால் ஜாடி எடை இல்லாமலே 350 கிலோ. சாதாரண ஃபோர்டு கூப்பே காரின் பின்பக்கம் அந்தப் பாரத்தில் தரையைத் தொடுகிற மாதிரி இறங்கும், முன்சக்கரப் பிடிப்பு குறையும், போலீஸ் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடும். அதற்காகக் கூடுதல் பட்டை அடித்துப் பின்பக்கத்தைத் தூக்கினார்கள். பாரம் ஏறினால் வண்டி சமமாக நிற்கும். ஆனால் காலியாகத் திரும்பும்போது பின்பக்கம் எழும்பி நிற்கும், அதுவும் காட்டிக்கொடுக்கும். பிரேக் விளக்கை அணைக்கத் தனி சுவிட்ச் வைத்தது இன்னொன்று: துரத்துகிறவனுக்கு வளைவு எங்கே வருகிறது என்று தெரியக்கூடாது.

பாட்டுகள் தருகிற படம் ஓர் இடத்தில் தப்பு. ஓட்டுநர் சாலையில்தான் மாட்டுவார் என்பது போல இருக்கும். வட கரோலினாவின் வில்க்ஸ் கவுண்டி (மாவட்டம்) ஜூனியர் ஜான்சன், பிற்பாடு பெரிய நாஸ்கார் கார்ப்பந்தய வீரர், சாலையில் பிடிபட்டதே இல்லை. 1956-இல் அவர் மாட்டியது அப்பா சாராயம் காய்ச்சும் அடுப்படியில்! ஒஹாயோ சில்லிகாத்தே கூட்டாட்சிச் சிறையில் பதினொரு மாதம். 1986-இல் அதிபர் ரீகன் மன்னிப்பு வழங்கினார்.

செப்புக்கம்மியர்

எட்டு சிலிண்டர் அண்ணே, வண்டியைப் பேசும்போது ரேடியேட்டரையும் பேசிவிடுங்கள். செப்புச்சுருள் செய்யக் கைவேலைக்காரர் வேண்டும். அவசரக்காரர்கள் பழைய கார் ரேடியேட்டரைச் சுருளுக்குப் பதிலாக மாட்டினார்கள். அதன் மூட்டுகளெல்லாம் ஈயம் கலந்த பற்றவைப்பு. சூடான, புளிப்பேறிய சாராயம் அதைக் கரைத்துக்கொண்டு வரும். வயிற்றுவலி, சிறுநீரகக் கோளாறு, கீல்வாதம். "தாத்தாவுக்குக் கால் பெருவிரல் வீங்கிப் படுத்துக்கிடந்தார்" என்று யாராவது சொன்னால், எதில் குளிரவைத்தார்கள் என்று மெதுவாகக் கேளுங்கள்.

ஜாடியைக் குலுக்கிக் குமிழ் பார்ப்பதைப் பலரும் பெருமையாகச் சொல்வார்கள். பெரிய குமிழ் சட்டென்று உடைந்தால் வீரியம் அதிகம், பொடிக்குமிழ் தங்கி நின்றால் குறைவு. வீரியத்துக்கு அது சுமாரான சோதனைதான், அதையும் எண்ணெய் கலந்து ஏமாற்றினார்கள். ஈயமோ மெத்தில் ஆல்கஹால் என்ற விஷமோ இருப்பதை அது காட்டவே காட்டாது. நீலமாக எரிந்தால் சுத்தம் என்பதும் வெறும் நம்பிக்கை. மெத்தில் ஆல்கஹாலும் வெளிர்நீலமாகத்தான் எரியும். சோள ஊறலில் தானாக உண்டாகும் மெத்தில் ஆல்கஹால் மிகக் கொஞ்சம். 1951-இல் அட்லாண்டாவில் 41 பேர் செத்தது, விற்றவன் தொழிற்சாலை மெத்தில் ஆல்கஹாலைக் கலந்ததால். இந்தச் சாவுகளெல்லாம் நினைவில் வந்தால் யாரும் பாட மாட்டார்கள், அதனால் கேட்கிற வரிசையில் இதைக் கடைசியில் வையுங்கள்.

ஒலிப்பதிவு

கேட்கிற வரிசை பற்றிப் பேச்சு வந்ததால் பதிவு செய்யும் முறையையும் எழுதிவிடுகிறேன். பாட்டு முழுவதையும் ஓடவிட வேண்டாம். ஒரு சரணம், நாற்பது ஐம்பது வினாடி, நிறுத்துங்கள். பாட்டு பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்போது பேச்சைப் பதியவே கூடாது. குரலையும் பாட்டையும் பிறகு சுத்தமாகப் பிரிப்பது பெரும்பாடு, பதிப்புரிமைத் தொல்லை வேறு. மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேரே வைத்தால் 'ப' வருமிடமெல்லாம் காற்றடிக்கும். எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாக 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஆரம்பத்தில் தேதி, இடம், யார் பேசுகிறார் என்று குரலிலேயே சொல்லிவிடுங்கள், கோப்புப் பெயர் மாறினாலும் அது போகாது.

"தாத்தா சட்டவிரோதமாகக் காய்ச்சினாரா?" என்று தொடங்கினால் அங்கேயே முடிந்தது. பொருளைக் கேளுங்கள்: ஜாடி எந்த அளவு, எங்கே வாங்கினீர்கள், மூடி எப்படி இருந்தது. ஜாடியிலிருந்து கடைக்காரர் வருவார், கடைக்காரரிலிருந்து கடன், கடனிலிருந்து அந்த வருஷம் ஏன் காய்ச்ச வேண்டி வந்தது என்பது வரும். ஜார்ஜியாவின் ரேபன் கவுண்டியில் 1966-இல் பள்ளிப்பிள்ளைகள் தொடங்கிய ஃபாக்ஸ்ஃபயர் இதழ் இப்படிக் கைவேலையைக் கேட்டுக் கேட்டுத்தான் அவ்வளவு சேகரித்தது.

உயிரோடு இருப்பவர்களின் பெயர் வந்தால் பொதுவில் போடும் முன் அனுமதி வாங்குங்கள். வீட்டில் பீர் தயாரிக்க அமெரிக்காவில் 1978 சட்டம் வழிவிட்டது. உரிமமில்லாமல் சாராயம் காய்ச்சுவது கூட்டாட்சிக் குற்றம், ஐந்து வருஷம் வரை சிறை. 'இப்போதும் பின்கட்டில்' என்று பேச்சு திரும்பினால் பதிவை நிறுத்திவிடுங்கள்.

பழைய இசைத்தட்டு

மூன்று தலைமுறையையும் ஒரே பாட்டில் கேட்க வேண்டுமென்றால் ஸ்டீவ் ஏர்லின் 'காப்பர்ஹெட் ரோடு', 1988. தாத்தா காய்ச்சுகிறார், அப்பா நாக்ஸ்வில்லுக்குக் கடத்துகிறார், மகன் வியட்நாம் போய்வந்து கஞ்சா பயிரிடுகிறான். மூவருக்கும் ஒரே பெயர். தாத்தா வருஷத்துக்கு இரண்டு தடவைதான் ஊருக்குள் வருவார், நூறு பவுண்டு ஈஸ்டும் செப்புக்குழாயும் வாங்குவார் என்று ஒரு வரி உண்டு. எனக்கு அந்தப் பாட்டிலேயே அதுதான் உசத்தி. அடுப்பை மலையில் ஒளித்துவிடலாம், கடையில் வாங்கியதை ஒளிக்க முடியாது. வர்ஜீனியாவின் ஃபிராங்க்ளின் கவுண்டியில் 1935-இல் நடந்த கள்ளச்சாராயச் சதி வழக்கிலும் அந்தக் கணக்கு வெளியே வந்தது: ஏறக்குறைய 24,000 பேர் வாழ்ந்த இடத்துக்குச் சில வருஷங்களில் 3.3 கோடி பவுண்டுக்கு மேல் சர்க்கரை வந்திறங்கியிருந்தது.

டென்னசி 2023-இல் 'காப்பர்ஹெட் ரோடு' பாட்டை மாநிலப் பாட்டுகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. கஞ்சாச் சரணம் உட்பட!

எட்டு சிலிண்டர்

அந்தப் பாட்டில் அப்பா ஏலத்தில் எடுக்கும் டாட்ஜ் காரின் பக்கவாட்டில் கவுண்டி ஷெரிஃப் (காவல் தலைவர்) என்று எழுதியிருக்கும், ஒரு கை பிரைமர் (அடிப்பூச்சு) அடித்து மறைப்பார். வண்டி தெரிந்தவன் எழுதிய வரி. ஒரு பூச்சு பிரைமருக்குக் கீழே எழுத்தின் விளிம்பு சாய்வெயிலில் தெரியும்; தேய்த்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

ஐந்துகம்பி

'ராக்கி டாப்' வராமல் முடிக்க முடியாது. 1967, டென்னசியின் கேட்லின்பர்க் விடுதி அறையில் ஃபெலிஸ், பூட்லோ பிரையன்ட் தம்பதி மெதுவான பாட்டுகளாக எழுதிச் சலித்துப்போய் இடையில் எழுதியது. மண் பாறையாக இருப்பதால் சோளம் விளையாது, எங்கள் சோளம் ஜாடியிலிருந்து வரும் என்ற வரி கேலி போல இருந்தாலும் உள்ளே மலைநாட்டுப் பொருளாதாரம் இருக்கிறது. ஒரு புஷல் (தானியம் அளக்கும் அளவு) சோளம் 56 பவுண்டு. காய்ச்சினால் சாராயம் இரண்டு கேலன் சொச்சம், எடை மூன்றில் ஒன்றுகூட இல்லை. மலைப்பாதையில் எதைச் சுமப்பார்கள்?

வாசிக்கிறவர்களுக்கு: ஜி சுருதியில் சரணம் ஜி, சி, ஈ மைனர், டி என்று சாதாரணமாகப் போகும். பல்லவியில் ஈ மைனர், டி முடிந்ததும் எஃப் வரும், பிறகு சி. அந்த எஃப் ஜி சுருதிக்கு வெளியே இருப்பது என்பதால் புதியவர்கள் கை தானாக டி-க்கே போய்விடும், பாட்டு தட்டையாகிவிடும். கடைசியில் 'டென்னசி' என்று முடிகிற இடத்திலும் அதே எஃப், பிறகு ஜி. பாட்டு உங்கள் குரலுக்குத் தாழ்வாக இருந்தால் இரண்டாம் கட்டத்தில் கேப்போ (கம்பிகளை அழுத்திச் சுருதியை ஏற்றும் கவ்வி) போடுங்கள், விரல் நிலை மாறாது. பாஞ்சோவில் ஐந்தாவது கம்பியையும் மறக்காமல் ஏற்றுங்கள்.