கோச்சிங் முறைக்கு மாறினால் குழுவின் செயல்திறன் உண்மையில் உயருமா?

கேள்வி: புதுமேலாளர்

வாடிக்கையாளர் சேவைக் குழு ஒன்றின் பொறுப்பை அண்மையில் ஏற்றிருக்கிறேன். எனக்கு முன்பு இருந்தவர் வேலையில் கெட்டிக்காரர். ஆனால் எந்தச் சிக்கல் வந்தாலும் தாமே தீர்த்துவிட்டு, அதற்குக் காரணமானவரை எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொள்வார். அதன் விளைவோ என்னவோ, "ஏதேனும் சிக்கல் உண்டா?" என்று கூட்டத்தில் கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை, பிறகு அது வாடிக்கையாளரின் புகாராகவே என்னிடம் வந்து சேர்கிறது. இப்போது, மாதம் ஒரு முறை ஒவ்வொருவரிடமும் தனியாகக் கோச்சிங் உரையாடல் (வேலையில் மேம்பட வழிகாட்டும் பேச்சு) நடத்த வேண்டும் என்று நிர்வாகம் சொல்லியிருக்கிறது. தலைமையின் போக்கு மாறினாலே குழுவின் பண்பாடு மாறிவிடுமா, அல்லது ஆட்களையே மாற்ற வேண்டியிருக்குமா? எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: உற்பத்திப்பிரிவு

ஆட்களை மாற்ற வேண்டுமா என்பதற்கு வாகனத் தொழிலில் ஏறக்குறைய ஒரு பரிசோதனையே நடந்திருக்கிறது. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய ஆலை, தரத்திலும் தொழிலுறவிலும் கெட்ட பெயர் வாங்கி 1982-இல் மூடப்பட்டது. முன்னறிவிப்பின்றி வேலைக்கு வராமல் போவது அங்கு அன்றாட நிகழ்வு. 1984-இல் டொயோட்டாவுடன் கூட்டு நிறுவனமாக, நும்மி என்ற பெயரில் அதே ஆலை மீண்டும் இயங்கத் தொடங்கியபோது, பணியில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்களே, தொழிற்சங்கமும் அதேதான். ஆனாலும் சில ஆண்டுகளுக்குள் வேலைக்கு வராமை வெகுவாகக் குறைந்து, தரம் டொயோட்டாவின் ஜப்பானிய ஆலைகளுக்கு நிகராக வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, குறையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் இழுக்கலாம் என்று உற்பத்தி வரிசையின் மேல் கட்டப்பட்டிருந்த கயிறு. இழுத்தவுடன் குழுத் தலைவர் அந்த இடத்துக்கே வருவார்; யார் செய்த தவறு என்று விசாரிக்காமல், என்ன உதவி வேண்டும் என்று கேட்டு, இருவருமாகக் காரணத்தைத் தேடுவார்கள். உரிய நேரத்துக்குள் சரியாகிவிட்டால் வரிசை நிற்காது. ஆகாவிட்டால் நிற்கும், அதற்காக எவரும் திட்டு வாங்கமாட்டார். பழைய நிர்வாகத்தில் வரிசையை நிறுத்துவது மன்னிக்க முடியாத குற்றம். என் கணக்கில் உண்மையான கோச்சிங் நடப்பது மாதாந்திர அறைக்கூட்டத்தில் அல்ல, தவறு வெளிப்படும் அந்த ஓரிரு நிமிடங்களில்தான்.

கயிற்றை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வந்துவிடவும் கூடாது. 1988 வாக்கில் விற்பனை சரிந்தபோது நிர்வாகம் ஆட்குறைப்புச் செய்யாமல், மிகுதியாக இருந்தவர்களைப் பயிற்சியிலும் மேம்பாட்டுப் பணிகளிலும் ஈடுபடுத்தியது. ஆட்குறைப்பு இல்லை என்று சொன்ன சொல்லைக் காப்பாற்றியதால் அந்தக் கயிற்றின் மீதும் நம்பிக்கை நிலைத்தது.

பதில்: மனிதவளம்

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒருவரின் வேலையைப் பற்றி அவரிடம் கருத்துச் சொல்வதனாலேயே, அதாவது பின்னூட்டம் தருவதனாலேயே, செயல்திறன் உயர்ந்துவிடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. க்ளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 1996-இல் வெளியிட்ட பகுப்பாய்வில், பின்னூட்டம் சராசரியாகப் பயன் தந்தாலும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நிலைகளில் செயல்திறனைக் குறைத்தே இருந்தது. பேச்சு வேலையை விட்டு ஆளின் மீது திரும்பும்போது, கேட்பவரின் கவனமும் வேலையிலிருந்து விலகித் தன் மதிப்பைக் காப்பதில் போய்விடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். "நீங்கள் கவனக்குறைவானவர்" என்பதற்கும் "இந்த மின்னஞ்சலில் வாடிக்கையாளர் கேட்ட இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லை" என்பதற்கும் உள்ள தொலைவு அதுதான்.

இன்னொன்று, ஊதிய உயர்வைத் தீர்மானிக்கும் மதிப்பீட்டையும் கோச்சிங்கையும் ஒரே அமர்வில் கலக்காதீர்கள். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் நடந்து 1965-இல் வெளியான ஆய்வு அப்போதே இவ்விரண்டையும் பிரிக்கச் சொன்னது. மதிப்பெண் போடப் போகிறவரிடம் தன் பலவீனத்தை மனம்விட்டுச் சொல்ல யாருக்குத்தான் துணிவு வரும்?

பதில்: ஐயப்பாடு

கோச்சிங் என்றாலே கேள்வி கேட்பது என்று சிலர் பயிற்சி வகுப்பில் கற்றுக்கொண்டு வந்து படுத்தும் பாடு சொல்லி மாளாது. வாடிக்கையாளரை இணைப்பில் காத்திருக்க வைத்துவிட்டு, "கெடு ஒரு நாள் தாண்டிவிட்டது, பணத்தைத் திருப்பித் தரலாமா?" என்று புதிதாகச் சேர்ந்த ஊழியர் ஓடிவருகிறார்; மேலாளரோ சாய்ந்து உட்கார்ந்து, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்கிறார். தெரியாதவருக்குச் சொல்லித்தர வேண்டும். தெரிந்தவரிடம்தான் கேட்க வேண்டும். இந்த வேறுபாடு பிடிபடாத தலைவர் எத்தனை சான்றிதழ் வைத்திருந்தாலும் குழுவுக்குப் பயனில்லை.

இலக்குகளையும் ஒரு முறை பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை அழைப்புகளை முடிக்க வேண்டும் என்பதே ஊக்கத்தொகைக்கு அடிப்படையாக இருக்கும்வரை, சிக்கலை நின்று நிதானமாக ஆராயுங்கள் என்று நீங்கள் சொல்வது எவர் காதிலும் ஏறாது.

புதுமேலாளர்

மிக்க நன்றி. மதிப்பீட்டைத் தனியே பிரிக்க நிர்வாகத்திடம் கேட்கப் போகிறேன். ஆனால் காலாண்டு முடிவில் பலன் என்ன என்று கேட்பார்கள், எதைக் காட்டுவது?

பதில்: மனிதவளம்

முதல் காலாண்டில் பதிவாகும் தவறுகளின் எண்ணிக்கை பெரும்பாலும் கூடும் என்பதை நிர்வாகத்திடம் இப்போதே சொல்லிவையுங்கள். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து தரும்போது நேரும் பிழைகளை ஆராய்ந்தபோது, நல்ல தலைமையும் இணக்கமும் உள்ள பிரிவுகளில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே அச்சமின்றிப் பிழைகளைப் பேச முடிந்ததே இதற்குக் காரணம் என்று அவர் விளக்கினார். ஆகவே மொத்த எண்ணிக்கையைக் காட்டாமல், வெளிவந்த சிக்கல்களில் எத்தனை ஊழியர் வாயிலாக முதலில் தெரிந்தன, எத்தனை வாடிக்கையாளர் புகாராக வந்தன என்று பிரித்துக் காட்டுங்கள். ஒரே சிக்கல் மறுபடி வருவது குறைகிறதா என்பதைத் தனி வரிசையில் குறியுங்கள். அந்த எண்ணிக்கை குறைய இரண்டு காலாண்டாவது ஆகும்.