ஈஸ்ட் ஹாம் பெரியவரும் இரண்டு பேட்ஜும்

போன கோடையில் லண்டனில் எங்கள் பகுதித் தீயணைப்பு நிலையத்தில் ஒருநாள் பொதுமக்களை உள்ளே விட்டார்கள். வண்டியில் ஏறிய என் பையன் இறங்க மாட்டேன் என்று அடம். சரி என்று ஓரமாக நின்றபோதுதான் அந்தப் பெரியவர் பேச்சுக் கொடுத்தார். எண்பதைத் தாண்டிய, ஓய்வுபெற்ற ஃபயர்மேன். மேசைமேல் இரண்டு தொப்பி பேட்ஜ்கள் வைத்திருந்தார்.

ஒன்று லண்டன். இன்னொன்றில் வெறும் ஈஸ்ட் ஹாம், அதாவது கிழக்கு லண்டனில் ஒரு பகுதி. எனக்குப் புரியவில்லை. நம்மூரில் தீயணைப்பு மாநிலத் துறை. ஊருக்கொரு படை இருந்திருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. ஆனால் 1965 வரை இங்கே அப்படித்தானாம். ஈஸ்ட் ஹாமுக்கு ஒன்று, ஒட்டியிருக்கும் வெஸ்ட் ஹாமுக்கு ஒன்று, குராய்டனுக்கு ஒன்று. வெம்பிளியும் ஹாரோவும் மிடில்செக்ஸ் படையிடம், இல்ஃபோர்ட் எசெக்ஸிடம். (எல்லாம் இன்று நம் ஆட்கள் நிறைந்த இடங்கள்!) அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று பெருநகர் முழுக்குமான நிர்வாகமாக கிரேட்டர் லண்டன் கவுன்சில் பொறுப்பேற்றதும் இந்த ஊர்கள் அத்தனையும் லண்டன் தீயணைப்புப் படைக்குள் போயின. மிடில்செக்ஸ் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) நிர்வாகமே இல்லாமல் போனது.

அதற்கு முந்தின நாள் அவருக்கு நைட் ஷிஃப்ட். மாலையில் ஈஸ்ட் ஹாம் ஆளாக உள்ளே போனவர், காலையில் லண்டன் ஆளாக வெளியே வந்தார். அதே வண்டி, அதே கட்டில், அதே டீ கெட்டில். மாற்றம் அப்புறம்தான் உறைத்ததாம். அதுவரை பெரிய அதிகாரிக்கு எல்லாருடைய பெயரும் தெரியும். தலைமையகம் லாம்பெத் என்றானபின் பெரிய அதிகாரியைப் படத்தில்தான் பார்த்தாராம். ஊர்த் தெருவெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தவரை, ஆள் குறைந்த வேறு நிலையத்துக்கு ஒருநாள் அனுப்பினார்கள். அங்கே எந்தத் தெரு எங்கே என்றே தெரியாமல் திருதிருவென விழித்ததைச் சொல்லிச் சிரித்தார்.

இணைத்தது தப்பா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றார். போர்க்காலத்தில் உதவிக்கு வந்த வெளியூர்ப் படைகளின் குழாய் இணைப்பு இங்கே பொருந்தாமல் போனதை, அப்போது வேலை பார்த்த மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறார். அதற்காகத்தான் 1941-ல் எல்லாவற்றையும் ஒரே தேசியப் படையாக்கினார்கள். 1948-ல் மறுபடி கவுண்டிகளிடமும் பெரிய நகரங்களிடமும் பிரித்துக் கொடுத்தார்கள். கிரேட்டர் லண்டன் கவுன்சிலை 1986-ல் கலைத்தபோது மட்டும் படையைத் துண்டு போடவில்லை. அதுதான் புத்திசாலித்தனம் என்பது என் எண்ணமும்.

ஈஸ்ட் ஹாம் பேட்ஜைக் கையில் கொடுத்தார். துடைத்துத் துடைத்து எழுத்தே மழுங்கியிருந்தது. 1965-ல் இதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள், தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன் என்று கண்ணடித்தார்.