904க்கு அடுத்த எண் 1 ஆகுமா?

முதுநகர் வாசகன்:
லாஸ்பேட்டை ரசிகன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் கொதித்துக்கொண்டிருக்கிறது. "2011இல் அமெரிக்கக் காமிக்ஸ் பதிப்பாளரான டிசி நிறுவனம் எல்லா இதழ்களையும் ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கியதுதான் அது செய்த ஒரே நல்ல காரியம். பழைய எண்ணைப் பிடித்துத் தொங்குகிறவர்களுக்குக் கதை முக்கியமில்லை." இது அவர் திருவாக்கு. யாருக்குக் கதை முக்கியமில்லை? ஆக்‌ஷன் காமிக்ஸின் முதல் இதழ் 1938 ஜூன் தேதியிட்டு வந்தது. சூப்பர்மேன் அறிமுகமானதே அதில்தான். உலகப் போர் வந்தது, போனது; எழுதியவர்களும் வரைந்தவர்களும் மாறினார்கள்; எண் மட்டும் நிற்காமல் 904 வரை ஓடியது. 905 வர வேண்டிய இடத்தில் 1 என்று அச்சடித்தார்கள். டிடெக்டிவ் காமிக்ஸ் அதற்கும் மூத்தது, 1937. அதை 881இல் நிறுத்தினார்கள். எழுபது ஆண்டுகளுக்கு மேல் நடந்து வந்த ஒரு கணக்கை அழித்ததை நல்ல காரியம் என்று சொல்ல எப்படி மனம் வந்தது?

லாஸ்பேட்டை ரசிகன்:
அண்ணா, என் பெயரைச் சொல்லித் தொடங்கியதால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அட்டையில் 904 என்று பார்த்தால் புதிதாகப் படிக்க வருகிறவன் மிரண்டு ஓடுவான். முந்தைய 903ஐ அவன் எங்கே போய்த் தேடுவான்? 2011க்கு முன்பு நாம் எப்படிப் படித்தோம் என்று மறந்துவிட்டீர்களா? ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் நடைபாதையில் குவித்த பழைய புத்தகங்களுக்குள் கையை விட்டுத் துழாவினால் ஒரு கதையின் மூன்றாம் பாகம் கிடைக்கும். நான்காம் பாகம் எந்த ஜென்மத்திலும் கிடைக்காது. 2011 செப்டம்பரிலிருந்து அமெரிக்கக் கடைக்கு இதழ் வரும் அதே நாளில் டிஜிட்டலிலும் வந்தது. லாஸ்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு நியூயார்க் வாசகன் படித்த அன்றே நானும் பேட்மேன் முதல் இதழைப் படித்தேன். ஸ்காட் ஸ்னைடர் எழுதி கிரெக் கபுல்லோ வரைந்த அந்த ஆந்தை மன்றக் கதை ஒன்றாம் எண்ணில்தான் தொடங்கியது. பழைய கணக்கின்படி 700க்கு மேல் ஏதோ ஓர் எண்ணில் வந்திருந்தால் நான் தொட்டே இருக்க மாட்டேன்.

முதுநகர் வாசகன்:
டிஜிட்டலுக்கும் எண்ணுக்கும் என்ன உறவு தம்பி? 905 என்று போட்டு அதே நாளில் டிஜிட்டலில் கொடுக்க எது தடுத்தது? கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். 904க்கு அடுத்தது 905. பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்தது பதிப்பாளருக்குத் தெரியாமல் போனதா?

அவர்களே பிறகு என்ன செய்தார்கள் என்பதையும் சொல்கிறேன். 2016இல் ரீபர்த் என்ற பெயரில் மறுபடி எல்லாவற்றையும் மாற்றியபோது ஆக்‌ஷன் காமிக்ஸ் 957 என்று வந்தது. 2011 முதல் 2016 வரை வந்தவை 52 இதழ்கள். 904உடன் 52 சேர்த்தால் 956, அடுத்தது 957. டிடெக்டிவ் 881உடன் 52 சேர்த்தால் 933, அடுத்தது 934. அந்த எண்தான் அட்டையில் வந்தது. செய்தவனே தவறு என்று திரும்பி வந்துவிட்டான். அவன் சார்பில் வாதாட லாஸ்பேட்டையிலிருந்து ஒருவர் கிளம்பியிருக்கிறார்.

வில்லியனூர் கணக்கு:
ஒரு திருத்தம். 957 என்பதே பொய்க் கணக்கு. 2012 செப்டம்பரில் பூஜ்யம் என்று எண்ணிட்டு ஓர் இதழ் வந்தது. 2013 செப்டம்பரில் வில்லன்கள் மாதம் என்று சொல்லி 23.1, 23.2, 23.3, 23.4 என நான்கு இதழ்கள் வந்தன. ஆக ஐந்து இதழ்கள் கணக்கில் இல்லை. 962 என்று போட்டிருக்க வேண்டும்.

முதுநகர் வாசகன்:
பூஜ்யத்தை எண்ணினால் என்ன கூடும்? பூஜ்யம்தான் கூடும். 23.1 என்பது 23ஆம் இதழின் ஒட்டு. 957 சரியான எண்.

வில்லியனூர் கணக்கு:
ஒட்டு என்றால் விலை ஏன் தனியாக வாங்கினார்கள்? தனி அட்டை, தனிக் கதை, தனி விலை. அப்படியென்றால் அது ஓர் இதழ். இன்னொன்றும் சொல்கிறேன். 1994இலும் ஒரு பூஜ்ய இதழ் உண்டு. 1998இல் பத்து லட்சம் என்று எண் போட்டு ஓர் இதழ் வந்தது. அவற்றையும் சேர்த்தால் நீங்கள் 2018 ஏப்ரலில் கொண்டாடிய ஆயிரமாவது இதழ் ஆயிரமாவதே இல்லை. 904 வரைக்கும் வந்த கணக்கும் சுத்தமில்லை.

முதுநகர் வாசகன்:
ஆயிரம் என்று அட்டையில் போட்டால் அது ஆயிரம். சூப்பர்மேனின் எண்பதாம் ஆண்டில் வந்த இதழ் அது. 2011இல் பறித்துக்கொண்ட சிவப்புக் கால்சட்டையை அந்த இதழில்தான் அவருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அதையும் கள்ளக் கணக்கு என்கிறார் இவர்.

லாஸ்பேட்டை ரசிகன்:
பார்த்தீர்களா அண்ணா, அட்டையில் போட்டால் அதுதான் எண் என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள். 2011இல் அட்டையில் 1 என்று போட்டார்கள். அப்போது மட்டும் அது எண் இல்லையா?

முதுநகர் வாசகன்:
இல்லை. 904க்கு அடுத்தது 905.

நெல்லிக்குப்பம் நண்பன்:
இருவரும் பொறுங்கள். இதழின் எண்ணை மாற்றுவது வேறு, கதையுலகத்தை முதலிலிருந்து எழுதுவது வேறு. 1985, 86இல் டிசி கதைகளில் இருந்த பல இணை உலகங்களையெல்லாம் ஒன்றாக்கினார்கள், ஜான் பைர்ன் சூப்பர்மேனின் கதையைப் புதிதாக எழுதினார். ஆனால் ஆக்‌ஷன் காமிக்ஸின் எண்ணைத் தொடவில்லை. 2016இல் எண்ணைத் திருப்பினார்கள், கதையைப் பாதிதான் திருப்பினார்கள். 2024 அக்டோபரில் அப்சல்யூட் பேட்மேன் ஒன்றாம் எண்ணில் வந்தது. அது தனி உலகம், பழைய உலகம் பக்கத்திலேயே நடக்கிறது. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் பிரித்துக்கொண்டால் நல்லது.

முதுநகர் வாசகன்:
905 பற்றிப் பேசுகிறோம்.

கோரிமேடு வாசகி:
நீங்கள் எல்லோரும் அட்டையிலேயே நின்றுவிட்டீர்கள். நான் உள்ளே இருப்பதைச் சொல்கிறேன். பேட்மேன் கதைகளில் பேட்கேர்ளாக வந்த பார்பரா கார்டன் 1988இல் சுடப்பட்டு நடக்க முடியாமல் போனாள். அதன் பிறகு ஆரக்கிள் என்ற பெயரில் சக்கர நாற்காலியில் இருந்தபடியே எல்லா நாயகர்களுக்கும் தகவல் கொடுத்து வழிநடத்தினாள். இருபது ஆண்டுகளுக்கு மேல் அவள் அப்படி வாழ்ந்தாள். என் வீட்டிலும் சக்கர நாற்காலி இருக்கிறது. அவள் கதை வந்த பக்கங்களை என் தங்கைக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். 2011 மாற்றத்தில் அவளை எழுந்து நடக்கவைத்து மறுபடி பேட்கேர்ள் ஆக்கினார்கள். கெயில் சிமோன் அதை அக்கறையோடுதான் எழுதினார், மறுக்கவில்லை. ஆனாலும் ஆரக்கிள் என்ற மனுஷி போய்விட்டாள். அவள் இடத்தில் பேட்கேர்ளாக இருந்த ஸ்டெபனி பிரவுனும் சில ஆண்டுகள் காணாமல் போனாள். எண் திரும்பி வந்தது என்று மகிழ்கிறீர்களே, இவர்களைப் பற்றி ஒருவராவது ஒரு வார்த்தை சொன்னீர்களா?

முதுநகர் வாசகன்:
அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு நியாயம். அதைத்தான் நானும் சொல்கிறேன். எண்ணை அழித்தால் ஆளையும் அழிக்கலாம் என்ற துணிச்சல் வந்துவிடுகிறது. 1996இல் ஊரறியக் கல்யாணம் செய்துவைத்த சூப்பர்மேன் கிளார்க்கையும் அவர் காதலி லோயிஸையும் 2011இல் அறிமுகம் மட்டும் ஆனவர்களாக்கினார்கள். ஃபிளாஷாக இருந்த வாலி வெஸ்டைக் காணவே இல்லை. பேட்மேனுக்கு மட்டும் பழையதையெல்லாம் வைத்துக்கொண்டார்கள். கதையுலகில் வீரர்கள் தோன்றி ஐந்தே ஆண்டுகள் என்றார்கள். அந்த ஐந்து ஆண்டுகளுக்குள் டிக், ஜேசன், டிம், டேமியன் என்று பேட்மேனுக்குத் துணையாக நான்கு ராபின்கள். டேமியன் பேட்மேனின் சொந்த மகன், வயது பத்து. கணக்குப் பார்க்கத் தெரிந்தவன் எவனாவது அந்த அறையில் இருந்தானா?

கோரிமேடு வாசகி:
நான் எண்ணைப் பற்றிப் பேசவில்லை ஐயா. தயவுசெய்து என் பேச்சை உங்கள் கணக்கில் வரவு வைக்க வேண்டாம்.

முத்தியால்பேட்டை ஆல்பம்:
அமெரிக்கக் குப்பையைக் கட்டிக்கொண்டு அழுவதற்கு ரோமன் ரோலண்ட் நூலகத்துக்குப் போய் நாலு நல்ல புத்தகம் படிக்கலாம். டின்டினை உருவாக்கிய எர்ஜே 1983இல் இறந்தார். தனக்குப் பிறகு டின்டினை யாரும் தொடரக் கூடாது என்று சொல்லியிருந்தார், அதோடு நின்றது. ஆஸ்டெரிக்ஸ் 2013இல் புதியவர்கள் கைக்குப் போனபோது 35ஆம் ஆல்பம் என்றே வந்தது. மறுபிறப்பும் இல்லை, பூஜ்யமும் இல்லை.

லாஸ்பேட்டை ரசிகன்:
பிரெஞ்சுப் பெருமை தொடங்கிவிட்டது. எந்த விவாதமானாலும் இவர் கடற்கரைச் சாலைக்கே இழுத்துப்போவார்.

முத்தியால்பேட்டை ஆல்பம்:
பெருமைப்பட இருப்பவன் பெருமைப்படுகிறான். உங்களுக்கு ஏன் எரிகிறது?

முதுநகர் வாசகன்:
பிரான்ஸ் வரைக்கும் போவானேன்? சிவகாசியைப் பாருங்கள். முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. லயன் 1984இல் வந்தது. பல காலம் தட்டுத்தடுமாறி, 2012இல் லயன் புதிய வடிவில் திரும்பி வந்தபோது ஒன்றிலிருந்து எண்ணவில்லை. விட்ட இடத்திலிருந்து எண்ணினார்கள். கையில் பணமில்லாதவர்களுக்கு இருந்த மரியாதை கோடிக்கணக்கில் புரளும் நிறுவனத்துக்கு இல்லை.

லாஸ்பேட்டை ரசிகன்:
அங்கே பெரும்பாலும் ஒவ்வொரு இதழும் தனிக்கதை அண்ணா. முன்னூறாவது இதழில் தொடங்கினாலும் புரியும். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது நேர்மையில்லை.

முதுநகர் வாசகன்:
நேர்மையைப் பற்றி நீங்களா பேசுவது? தானே புயல் நினைவிருக்கிறதா? 2011 டிசம்பர் 30, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியது. உங்கள் டிஜிட்டலுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் வீட்டில் ஓடு பறந்து, பரணில் இருந்த இரண்டு பெட்டிகளும் நனைந்தன. மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் அறைக்குள் கொடி கட்டி ஒவ்வோர் இதழாகப் பிரித்துக் காயப்போட்டேன். எண்பதுகளின் பழைய தாள் இதழ்கள் சுருங்கின, மஞ்சளாகின, ஆனால் பக்கம் பக்கமாகப் பிரிந்து வந்தன. புதிய ஒன்றாம் எண் இதழ்கள் வழவழப்புத் தாள். ஒட்டிக்கொண்டு செங்கல்லாகிவிட்டன. பிரிக்கப் போனால் சூப்பர்மேனின் முகம் எதிர்ப்பக்கத்தோடு உரிந்து வந்தது. அதைப் பார்த்துவிட்டு நீங்கள் சொன்னீர்கள்: "நல்லதாகப் போயிற்று அண்ணா, இனிமேல் டிஜிட்டலில் படியுங்கள்." இன்றுவரை அதை நான் மறக்கவில்லை.

லாஸ்பேட்டை ரசிகன்:
ஆறுதலுக்குச் சொன்னதை இத்தனை ஆண்டுகள் மனதில் வைத்திருந்தீர்களா? அப்படியானால் நானும் சொல்கிறேன். அதே ஆந்தை மன்றத் தொகுப்பு, கெட்டி அட்டை, என்னிடம் இரவல் வாங்கிப் போனீர்கள். இன்னும் வந்து சேரவில்லை. ஒன்றாம் எண்ணை வெறுக்கிறவருக்கு அந்தப் புத்தகம் எதற்கு?

முதுநகர் வாசகன்:
மஞ்சக்குப்பம் கூட்டத்தன்று உங்கள் நண்பரிடம் கொடுத்தனுப்பினேன். அவரைக் கேளுங்கள்.

வில்லியனூர் கணக்கு:
அந்த நண்பர் நான்தான். எனக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. 962 பற்றி இன்னும் பதில் வரவில்லை.

நெல்லிக்குப்பம் நண்பன்:
அப்சல்யூட் பேட்மேனில் புரூஸ் வெய்ன் பணக்காரர் இல்லை, அம்மா உயிரோடு இருக்கிறார். அதை எழுதுகிறவரும் ஸ்காட் ஸ்னைடர்தான். அதைப் படித்தவர்கள் யாராவது இருந்தால் பேசலாமே?

லாஸ்பேட்டை ரசிகன்:
படித்தேன், அருமை. அதுவும் ஒன்றாம் எண்ணில்தான் தொடங்கியது என்பதை மட்டும் அண்ணனுக்குச் சொல்லுங்கள்.

முதுநகர் வாசகன்:
புதிய இதழ் ஒன்றில் தொடங்குவதில் எனக்கு எந்த வழக்கும் இல்லை. பிறக்கிற பிள்ளைக்கு வயது ஒன்றிலிருந்துதான். எழுபத்து மூன்று வயதுக்காரரைத் தொட்டிலில் போட்டதைத்தான் கேட்கிறேன். புத்தகத்தை நான் கொடுத்தேன், சாட்சி இருக்கிறது, அடுத்த கூட்டத்துக்கு அழைத்து வருகிறேன். 23.1 ஒட்டு இதழ்தான், பூஜ்யம் பூஜ்யம்தான், 957 சரிதான். இப்போது யாராவது ஒருவர் நேராகப் பதில் சொல்லுங்கள். 904க்கு அடுத்து என்ன?

வில்லியனூர் கணக்கு:
சாட்சியை அழைத்து வாருங்கள். 2013இன் அந்த நான்கு இதழ்களையும் நான் எடுத்து வருகிறேன். நான்கிலும் அட்டையைச் சாய்த்தால் படம் அசையும். மேசையில் வரிசையாக வைக்கிறேன், எது இதழ், எது ஒட்டு என்று எல்லோர் முன்னாலும் கை வைத்துச் சொல்லுங்கள்.