பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு 'சோளகர் தொட்டி' கட்டாயமா?

பென்னாகரத்தான்:
மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். வகுப்பில் எல்லோரும் 'சோளகர் தொட்டி' படித்தே ஆகவேண்டும் என்று தமிழாசிரியர் சொல்லிவிட்டார். ச. பாலமுருகன் 2004-இல் எழுதிய நாவல். வீரப்பன் தேடுதல் வேட்டையின்போது சோளகர் பழங்குடிகள் பட்ட பாடு. பிரவுன் அட்டை போட்டு இயற்பியல் புத்தகத்துக்கு அடியில் வைத்திருந்தாள். எடுத்துப் புரட்டினேன். அதிரடிப்படை முகாமில் மின்சாரம் பாய்ச்சுகிற பக்கம் கண்ணில் பட்டது, மேலே படிக்க முடியவில்லை. மோசமான நாவல் என்று சொல்ல வரவில்லை. நூலகத்தில் இருக்கட்டும், வேண்டியவர்கள் எடுக்கட்டும். கட்டாயம் என்பதுதான் இடிக்கிறது.

அரூர்க்காரி:
அண்ணே, வாச்சாத்தி மலைவாழ் மக்கள் கிராமம் நம்ம மாவட்டம்தானே? 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் உள்ளே போனார்கள். 18 பெண்களைச் சீரழித்தார்கள், அதில் பள்ளிக்கூட வயசுப் பிள்ளையும் உண்டு. குற்றம் சாட்டப்பட்ட ஆட்களில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் சொல்ல 2011 ஆயிற்று. 2023-இல் உயர் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அந்த வயசில் அனுபவிக்கலாம், படிக்க மட்டும் கூடாதா?

பென்னாகரத்தான்:
வாச்சாத்தியைச் சொல்லி வாயை அடைக்காதீங்கம்மா. அந்த ஊர்ப் பிள்ளை ஒருத்தி அதே வகுப்பில் இருக்கிறாள் என்று வையுங்கள். இப்படி ஒரு பக்கத்தை எழுந்து நின்று வாசி என்றால் அவள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்?

அரூர்க்காரி:
சரி, வகுப்பில் சத்தமாக வாசிக்க வைப்பது தப்புதான். அதை நான் யோசிக்கவில்லை. அதற்காகப் புத்தகமே வேண்டாம் என்று ஆகிவிடாது.

ஓசூர் ராகிக்களி:
என் கவலை வேற. கி.ரா.வின் 'கோபல்லபுரத்து மக்கள்' 1991-இல் சாகித்திய அகாதெமி வாங்கிய நாவல், அதில் ஒரு துண்டு பத்தாம் வகுப்புத் துணைப்பாடம். தம்பி மகனிடம் கதை எப்படிடா என்றேன். 'அன்னமய்யா என்னும் பெயருக்கும் அவரின் செயலுக்கும் உள்ள பொருத்தப்பாடு' என்று நோட்ஸில் இருந்ததை மூச்சு விடாமல் ஒப்பித்தான். அந்தக் கதையில் கஞ்சி குடித்த ஆளின் பசி அவனுக்குத் தெரியவே இல்லை. 'சோளகர் தொட்டி'யையும் கட்டாயமாக்கினால் அதில் வரும் 'சிவண்ணாவின் பண்புநலன் யாது', ஐந்து மார்க்!

காவேரிப்பட்டணம் டீச்சர்:
பென்னாகரத்துத் தம்பி, முழுசாகப் படித்தீர்களா? பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் வந்தது 2010-இல். நான்கு வருஷம் கழித்துச் சில பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துத் திருச்செங்கோட்டில் பரப்பினார்கள், ஊரே கொதித்தது. அவர் எழுத்தையே விட்டுவிட்டதாக அறிவித்தார். பிடிக்காவிட்டால் புத்தகத்தை மூடிவை, படிக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்கிற தோரணையில் 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகுதான் மறுபடி எழுத வந்தார்.

பென்னாகரத்தான்:
டீச்சர், முழுசாகப் படிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தீர்ப்பு என் பக்கம் அல்லவா பேசுகிறது? கட்டாயம் என்றால் பிள்ளை எப்படி மூடிவைக்கும்?

காவேரிப்பட்டணம் டீச்சர்:
மடக்கிவிட்டீர்கள். இருந்தாலும் ஒன்று. முப்பது வருஷம் தமிழ் நடத்தினேன். 'விருப்பமிருந்தால் படி' என்று கொடுத்த புத்தகம் பெரும்பாலும் அட்டை கசங்காமல் திரும்பி வரும். வேறு நாவல் கேட்கிற பிள்ளைக்கு வேறு கொடுக்கலாம், பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லலாம். பட்டியலில் இருந்து எடுக்கச் சொல்லாதீர்கள்.

பென்னாகரத்தான்:
மகள் நேற்று ராத்திரி முடித்துவிட்டாள். இங்கே நடக்கிற பேச்சையும் எட்டிப் பார்த்திருக்கிறாள் போல. வாச்சாத்திக்கு எப்படிப்பா போகணும் என்கிறாள்.

அரூர்க்காரி:
தர்மபுரி வந்து அரூர் பஸ் ஏறுங்க, அங்கிருந்து நான் கூட்டிப்போறேன். ஆனா அண்ணே, அங்கே யாரையும் நிறுத்தி அதைப் பற்றிக் கேட்க வேண்டாம்னு பாப்பாகிட்ட சொல்லிவைங்க.