அறுவை சிகிச்சைக்கு முன் அம்மாவோடு எப்படி ஜெபிப்பது?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்து மூன்று மாதம் ஆகிறது. பத்து நாள் ஐசியுவில் இருந்தார். வாசலிலேயே உட்கார்ந்து ஜெபித்தோம். அவர் வீடு திரும்பவில்லை.

வருகிற வியாழக்கிழமை அம்மாவுக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை. பெரிய ஆபத்தில்லை என்றுதான் டாக்டர் சொல்கிறார். ஆனால் அம்மா ராத்திரி தூங்குவதே இல்லை. குடும்ப ஜெபத்தில், எந்த ஆபத்திலும் கர்த்தர் காப்பார் என்று சொல்லும் 91-ம் சங்கீதத்தை வேதத்திலிருந்து வாசித்தால் பாதியில் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுகிறார். அப்பாவுக்கும் அதைத்தானே வாசித்தோம் என்கிறார். என்னிடம் பதில் இல்லை.

போன ஞாயிறு 13-ம் சங்கீதம் வாசித்தேன். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்திலேயே தாவீது நான்கு தடவை "எதுவரைக்கும்" என்று கேட்கிறார். அம்மா எழுந்து போகவில்லை. "தாவீதே இப்படிக் கேட்டிருக்காரா?" என்றார். சிலுவையில் இயேசுவும் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று 22-ம் சங்கீதத்தின் முதல் வரியைத்தானே சொன்னார் என்றேன். ரொம்ப நேரம் அழுதார். அப்புறம் கொஞ்சம் தூங்கினார்.

அதனால்தான் கேட்கிறேன். பயத்தை மறைக்காமல் கர்த்தரிடம் சொல்லும் வேதப் பகுதிகள் வேறு எவை? தியேட்டருக்குள் போகும்போது கண்ணாடியைக் கழற்றிவிடுவார்கள், அம்மாவால் வாசிக்க முடியாது. மனதுக்குள் சொல்லிக்கொள்ள ஒரு வரி ஜெபம் வேண்டும். கேட்டது கிடைக்காமல் போனபின்பும் ஜெபத்தை விடாதவர்கள், அந்த முதல் மாதங்களை எப்படிக் கடந்தீர்கள்? விசுவாசம் போதவில்லை என்று மட்டும் தயவுசெய்து எழுத வேண்டாம். அதை அம்மா அடக்க ஆராதனையன்றே கேட்டுவிட்டார்.

வியாழன் காலை எட்டு மணிக்கு அம்மாவை ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.