ஷூவைக் கழற்றச் சொன்ன ஊர்

2025 ஜூலையில் லாங்கியர்பியெனுக்குப் போயிருந்தேன். நார்வேக்கு வடக்கே, சுவால்பார்டு தீவுகளில், 78 டிகிரி வடக்கில் இருக்கும் ஊர். மொத்தம் ஏறக்குறைய 2,500 பேர்தான். விடுதிக்குள் நுழைந்ததுமே ஷூவைக் கழற்றி அடுக்கில் வைக்கச் சொன்னார்கள். அருங்காட்சியகத்திலும் அப்படித்தான். நம் வீட்டு வழக்கம்தானே, பனியும் சேறும் உள்ளே வராமலிருக்க என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பனியாற்றுப் பக்கம் நடக்கக் கூட்டிப்போன வழிகாட்டி அம்மா, தோளில் துப்பாக்கியோடு வந்தார். பனிக்கரடிக்காக. ஷூவைப் பற்றிக் கேட்டேன். "பனிக்காக இல்லை, கரித்தூளுக்காக" என்றார். நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வருகிறவர்கள் வீட்டைக் கறுப்பாக்கிவிடக் கூடாது என்று வந்த பழக்கமாம். அவருடைய அப்பாவும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்.

ஊரின் பெயரே முதலாளியின் பெயர்தான். லாங்கியர் என்ற அமெரிக்கர் 1906-இல் இங்கே சுரங்கம் தொடங்கினார். 1916-இல் ஸ்டோர் நோர்ஸ்கே என்ற நார்வே நிறுவனம் அதை வாங்கியது. கரிப் படிவம் மலையின் பாதி உயரத்தில் படுக்கையாக ஓடுகிறது. அதனால் சுரங்க வாய்கள் எல்லாம் ஊருக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கின்றன. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கும் தொட்டிகளில் கரி துறைமுகத்துக்கு இறங்கும். அந்த வடத்தைத் தாங்கிய மரத் தூண்கள் இன்னும் நிற்கின்றன. 1946-க்கு முன் மனிதர் விட்டுச்சென்ற எதையும் இங்கே தொடக் கூடாது, சட்டமே அப்படி. துருப்பிடித்த தொட்டிக்குக்கூடப் பாதுகாப்பு உண்டு. எனக்கு அது ரொம்பப் பிடித்தது. இங்கே நார்வே நடத்திவந்த கடைசிச் சுரங்கம், ஏழாம் எண், நான் போவதற்கு முந்தைய மாதம்தான் மூடப்பட்டது.

அப்புறம் பனியாற்றின் ஓரக் கற்குவியலில் வழிகாட்டி அம்மா ஒரு தட்டைக் கல்லை எடுத்துத் திருப்பினார். அதில் ஒரு இலை! நடுநரம்பு, கிளை நரம்புகள், பல் போன்ற விளிம்பு எல்லாம் அச்சாக இருந்தன. ஒரு மரம்கூட இல்லாத ஊரில், ஏறக்குறைய 6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய இலை. அந்தக் காலத்துக் காடுகள்தான் மண்ணுக்கடியில் கரியாகிக் கிடந்திருக்கின்றன. அவர் கல்லை என் கையில் வைத்தபோது கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

திரும்பும் வழி பழைய சுரங்கம் ஒன்றுக்குக் கீழாக இறங்கியது. விடுதி வாசலில் குனிந்து ஷூவைக் கழற்றினேன். அடியில் கறுப்பாக ஒட்டியிருந்தது.