மறு: ஆன்டிஆக்ஸிடன்டுக்குத் தமிழில் என்ன சொல்வது?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ஆன்டிஆக்ஸிடன்டுக்கு, அதாவது உடலின் செல்களை ஆக்சிஜனேற்றம் தாக்காமல் தடுக்கிற பொருளுக்கு, தமிழ்ச் சொல் தேடிய இழை நீண்டு கடைசியில் மூன்று சொற்களில் வந்து நிற்கிறது: உயிர்வளியேற்ற எதிர்ப்பி, களிம்பகற்றி, உயிர்க்காப்பி. எனக்கு மூன்றும் ஒப்பவில்லை. நாம் தொகுப்பது வேதியியல் பாடத்துக்கான பட்டியல் அல்ல, தாவரப் பொருள்களையும் புற்றுநோயையும் பற்றிய கட்டுரைகளுக்கான பட்டியல், அதை நோயாளியின் வீட்டாரும் படிப்பார்கள் என்பதை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன்.

> உயிர்வளியேற்ற எதிர்ப்பி தூய தமிழ், பொருளும் நேராக இருக்கிறது.

தூய தமிழ்தான். ஆனால் கட்டில் பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் நிற்கிற வீட்டில் இதைப் படிப்பவர், மூச்சுக்காற்றை மறிக்கிற ஏதோ ஒன்று என்றுதான் நினைப்பார். பொருளும் அவ்வளவு நேர் இல்லை. ஆக்சிஜனேற்றம் என்று பெயர் இருந்தாலும் ஆக்சிஜனே இல்லாமலும் அது நடக்கும், எலக்ட்ரானை இழப்பதுதான் சங்கதி. ஆக்சிஜன் என்ற ஒலிபெயர்ப்பில் ஒரு வசதி, அது பாடநூல் வழியாகவே பழகிவிட்ட குறி. 'உயிர்வளி' என்று எழுதினால் அந்தக் குறிக்குள் உயிர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'எதிர்ப்பி'யும் வேண்டாம். நுண்ணுயிர் எதிர்ப்பி, நோய் எதிர்ப்பு சக்தி என்று அந்த வேர் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. நெல்லிக்காய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று வாட்ஸப்பில் சுற்றுகிற செய்திகளோடு இதையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வார்கள்.

களிம்பகற்றி அழகான சொல், மறுக்கவில்லை. செம்பில் ஏறும் களிம்பை ஆணவ மலத்துக்கு உவமையாகச் சொன்ன மரபு நம்முடையது. ஆனால் இன்றைக்குக் களிம்பு என்று கேட்டால் மருந்துக்கடையில் ஆயின்மென்ட் ட்யூபைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். களிம்பகற்றி என்றால் பூசியதைத் துடைக்கிற பஞ்சு என்று ஆகிவிடும்.

> உயிர்க்காப்பி என்பதில் பயன் தெரிகிறது. சொல்லைக் கேட்டவுடன் மக்களுக்கு விளங்கும்.

காப்பி என்றதும் டபராதான் ஞாபகம் வருகிறது (காப்பியிலும் இந்தப் பொருள் தாராளமாக உண்டு என்பது வேறு). விளையாட்டை விடுங்கள், எனக்கு உண்மையான மறுப்பு இந்தச் சொல்மேல்தான். பயன் தெரிகிறது என்கிறீர்களே, அந்தப் பயன் மெய்ப்பிக்கப்படவில்லை, சில இடங்களில் நேர்மாறாகவே முடிந்திருக்கிறது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். அதில் ஒரு பகுதியினர் நாளுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் (கேரட்டில் இருக்கிற ஆன்டிஆக்ஸிடன்ட்) மாத்திரை எடுத்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது. அமெரிக்காவில் புகைபிடித்தவர்கள், கல்நார்த் தூசியில் வேலை பார்த்தவர்கள் என்று 18,314 பேரிடம் பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஏயையும் சேர்த்துச் சோதித்தார்கள், அங்கே 28 விழுக்காடு கூடுதல், 1996 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்தவேண்டியதாயிற்று. இவர்கள் கேரட்டைக் கடித்துத் தின்றவர்கள் அல்ல, பிரித்தெடுத்த ஒரே பொருளை அதிக அளவில் மாத்திரையாக விழுங்கியவர்கள். இதற்கு உயிர்க்காப்பி என்று பெயர் வைத்தால் நாளைக்கு யார் பதில் சொல்வது?

ஏன் இப்படி ஆகிறது என்பதற்குச் சுவீடனில் கோதன்பர்க் ஆய்வாளர்கள் 2014இல் எலிகளில் ஒரு விடை காட்டினார்கள். வைட்டமின் ஈ, அசிட்டைல்சிஸ்டைன் என்ற இரண்டு ஆன்டிஆக்ஸிடன்டுகளைக் கொடுத்த எலிகளுக்கு நுரையீரல் கட்டி வேகமாக வளர்ந்தது. கட்டிக்குள் இருக்கிற செல்லும் ஆக்சிஜனேற்றத்தால் அடிபடுகிற செல்தானே, அந்த அடியை மாத்திரையால் நாம் தடுத்துவிட்டால் நல்ல செல்லோடு அதுவும் பிழைத்துக்கொள்கிறது. கதிர்வீச்சுச் சிகிச்சையே பெருமளவு நீர் மூலக்கூறை உடைத்து ஹைட்ராக்சில் ரேடிக்கல் (பக்கத்தில் இருப்பதிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்கிற துணுக்கு) உண்டாக்கித்தான் கட்டியை அடிக்கிறது. அந்த நேரத்தில் இந்த மாத்திரைகளை அதிக அளவில் எடுக்காதீர்கள் என்று பல மருத்துவர்கள் சொல்வது அதனால்தான்.

சரி, மஞ்சள். இழையில் ஐந்தாறு மடல்கள் மஞ்சளைப் பற்றியே. மஞ்சளில் இருக்கிற குர்குமின் ஆய்வுக்கூடத் தட்டில் புற்றுச் செல்களைக் கொல்கிறது, பொய் இல்லை. வாய்வழியாகச் சாப்பிட்டால் இரத்தத்தில் அதிகம் ஏறுவதில்லை, அதுதான் சிக்கல். பெங்களூரில் 1998இல் செய்த ஆய்வில் 2 கிராம் குர்குமினை மட்டும் கொடுத்தபோது இரத்தத்தில் கண்டுபிடிப்பதே பாடாக இருந்தது, 20 மில்லிகிராம் பைப்பரின் (மிளகின் காரம்) சேர்த்ததும் உட்கிரகிப்பு 2000 விழுக்காடு கூடியது. அந்த 2000ஐத்தான் எல்லா விளம்பரங்களும் பிடித்துக்கொண்டன, ஒன்றுமில்லாததன் இருபது மடங்கு எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. நம் விவாதத்துக்கு முக்கியமானது வேறு: குர்குமின் சில சூழல்களில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிறது, சில சூழல்களில் தூண்டுகிறது. வைட்டமின் சியும் அப்படித்தான். இரும்பு அயனி பக்கத்தில் இருந்தால் அதற்கு எலக்ட்ரானைக் கொடுத்து, கடைசியில் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாக வழிசெய்கிறது. சிரை வழியாக அதை ஏராளமாக ஏற்றிப் பார்க்கும் சிகிச்சை முயற்சிகள் நம்பியிருப்பது இந்தத் தூண்டும் குணத்தைத்தான்.

ஆகவே ஒரு சொல் போதாது, இரட்டைச் சொல் வேண்டும். என் முன்மொழிவு: ஆக்சிஜனேற்றத் தடுப்பி, ஆக்சிஜனேற்றத் தூண்டி. ஒரே பொருள் இங்கே தடுப்பி, அங்கே தூண்டி என்று எழுதலாம், இடறாது. எதைத் தடுக்கிறது என்பது சொல்லிலேயே இருப்பதால் நோய்த்தடுப்பு என்று யாரும் நீட்டிப் படிக்கமாட்டார்கள். இலங்கை நண்பர்கள் ஒட்சியேற்றத் தடுப்பி, ஒட்சியேற்றத் தூண்டி என்று வைத்துக்கொள்ளலாம், அமைப்பு மாறாது. நீளம் என்று ஒருவர் குறைபட்டிருந்தார். சுருக்கி 'ஏற்றத் தடுப்பி' என்றால் விலையேற்றம்தான் நினைவுக்கு வரும், நீளமாகவே இருக்கட்டும்.

அப்புறம், வரைவுப் பட்டியலில் நித்தியகல்யாணியை 'புற்றைக் குணமாக்கும் தாவர ஆன்டிஆக்ஸிடன்ட்' என்ற தலைப்பில் போட்டிருக்கிறார்கள். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அதிலிருந்து வருகிற வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் இரண்டும் செல் பிரியும்போது உருவாகிற நுண்குழல்களைக் கட்டவிடாமல் செய்து கொல்கிற மருந்துகள், குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு வின்கிறிஸ்டின் இன்றும் கைகொடுக்கிறது. பசிபிக் யூ மரப்பட்டையின் பாக்லிடாக்சலும் நுண்குழலில்தான் கைவைக்கிறது. செடியிலிருந்து வந்து புற்றுநோயில் உண்மையாக வென்றவை இவை, வென்றது ஆக்சிஜனேற்றத்தைத் தடுத்து அல்ல. இவற்றுக்குத் தனித் தலைப்பு வேண்டும், 'தாவர வழிச் செல்நச்சு மருந்துகள்' என்று வைக்கலாம். நச்சு என்று எழுத ஒருவர் தயங்கினார். அது நச்சுதான், அளவோடு கொடுப்பதால் மருந்து.

ஃப்ரீ ரேடிக்கலுக்கு (துணையில்லாத எலக்ட்ரானோடு அலைகிற துணுக்கு) 'தனி உறுப்பு' என்று பாடநூலில் இருப்பதை அப்படியே எடுக்கவேண்டாம் என்பது என் கட்சி. "தனி உறுப்புகள் உடலைச் சேதப்படுத்துகின்றன" என்று உடல்நலக் கட்டுரையில் படித்தால் கல்லீரலா கணையமா என்று தேடுவார்கள். 'இணைதேடி' என்ற யோசனை துணையில்லாத எலக்ட்ரானுக்குப் பொருத்தம்தான், மணமாலை விளம்பரம் மாதிரி இருக்கிறது என்பதால் தயங்குகிறேன். அதற்குத் தனி இழை திறந்தால் நல்லது, இதிலேயே போட்டால் தடுப்பியும் தூண்டியும் முடிவாகாது.